வாய் மூடும் மட்டி: வானூர் வாசகருக்குப் பதில்கள்

கே: பரம்பரைச் சைவரின் நாவில் மட்டி பட்டிருக்க வாய்ப்பே இல்லை அல்லவா?

ப: அவர் வெற்றிலை போடுபவரா? மட்டி முதலான இருமடல் உயிர்களின் ஓடாகிய கிளிஞ்சல் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அதைச் சூளையில் சுட்டு, நீர் தெளித்துப் பூக்கவிட்டால் கிடைக்கும் சுண்ணாம்பு காலங்காலமாகத் தாம்பூலத்தில் இடம்பெற்று வந்திருக்கிறது.

கே: கடலில் வாழ வேண்டிய மட்டிக்குக் கழிமுகத்தில் என்ன வேலை?

ப: வடிகட்டும் வேலை. வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து, 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியைப் போன்று, கடல்நீரும் மழைநீரும் கலக்கும் உவர்நீர்ப் பரப்புகள் மட்டிக்கு உகந்தவை. அங்கே அது தசையாலான காலால் மணலைக் கிளறிப் புதைந்து, ஒரு குழல் வழியே நீரை உறிஞ்சி, செவுள்களில் நுண்பாசியை வடித்துக்கொண்டு, மறு குழல் வழியே வெளியேற்றுகிறது. பாசியோடு கிருமிகளும் கன உலோகங்களும் அதன் உடலில் சேர்ந்துவிடுவதால், கழிமுகத்தில் கழிவைக் கலப்பவர் மீனவக் குடும்பத்தின் சோற்றுத் தட்டிலேயே அதைக் கலக்கிறார்.

கே: சந்தையில் வாய் திறந்திருக்கும் மட்டியை நம்பலாமா?

ப: தட்டிப் பார்த்தும் மூடாவிட்டால் நம்பக் கூடாது, உயிருள்ள மட்டி தசையைச் சுருக்கி ஓடுகளை இறுக்கிக்கொள்ளும், இறந்த மட்டியால் அது இயலாது.

கே: குஞ்சு மட்டியையும் அள்ளினால் கூடை சீக்கிரம் நிறையுமே?

ப: அடுத்த ஆண்டுக் கூடையை எதைக் கொண்டு நிறைப்பது? கொல்லம் அஷ்டமுடிக் காயலில், இனப்பெருக்கக் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டி எடுப்பதை நிறுத்தி, குஞ்சுகள் தப்பும்படி அகலக்கண் வலையைக் கையாண்ட மீனவர்களின் தொழில், நீடித்த மீன்பிடிப்புக்கான மெரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில் சான்றிதழை 2014இல் இந்தியாவிலேயே முதலாவதாகப் பெற்றது.