கண்ணை மூடி ஒன்று

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் தட்டில், ஆளுக்கொரு வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகள் வரும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும் என்பது முறை. வந்தது பிடிக்காவிட்டால், “எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு” என்று இன்னொன்றை எடுப்பது நடைமுறை. வீட்டுக்காரர் பக்கத்திலேதான் நிற்பார், கையில் அட்டையோடு.

‘எதிர்பார்த்திருக்கும் முடிவை’ வாக்களிக்கிற எரேமியா 29:11 வந்தவர் முகத்தில் லாட்டரி விழுந்த களை. அதற்கு முந்திய வசனம் பாபிலோனில் 70 வருஷம் கழிய வேண்டும் என்கிறது. அட்டையில் அதற்கு இடம் போதவில்லை போலும். புலம்பல் புத்தகத்தில்கூட, கீரை ஆய்கிற மாதிரி, மூன்றாம் அதிகாரத்தில் இரண்டு வசனங்களை மட்டும் பொறுக்கிக்கொள்கிறோம். மிச்சப் புலம்பலை எரேமியாவே வைத்துக்கொள்ளட்டும். யோபுவிடம் கடைசி அதிகாரம் போதும்; இரட்டிப்பாகக் கிடைத்தது அங்கேதானே!

சீட்டுப் போடுவது புதிதல்ல. யூதாசின் இடத்துக்கு மத்தியாவை அப்படித்தான் தெரிந்துகொண்டார்கள். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொரேவிய சபையார் 1731 முதல் தினவசனங்களைப் புத்தகமாகவே அச்சிட்டு வருகிறார்கள். பழைய ஏற்பாட்டு வசனத்தை இன்றும் சீட்டில்தான் எடுக்கிறார்கள். ஒரு காலத்தில் அவர்களுக்குக் கல்யாணத்துக்கும் சீட்டுத்தான். ‘வேண்டாம்’ என்று வந்தால் மாப்பிள்ளை பேசாமல் திரும்ப வேண்டியதுதான். தங்கைக்கு ஒன்று எடுத்துப் பார்க்க வழியில்லை.

நமக்கு அவ்வளவு சிரமம் கிடையாது. மனைக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் போதகரிடம் போகிறோம்.

“ஐயா, ஆண்டவர் சித்தம் எதுன்னு தெரியணும், ஜெபம் பண்ணுங்க. வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு.”