கையில் ஒட்டிய கணக்குப்பிள்ளை

தஞ்சாவூர்ப் பக்கம் அந்தக் காலக் கணக்குப்பிள்ளை நெல்லை மட்டும்தான் எண்ணுவார். அதையும் கொஞ்சம் முன்பின்னாக எழுதச் சொல்லலாம். இப்போது புஜத்தில் ஒட்டிக்கொண்டு 14 நாள் உத்தியோகம் பார்க்கும் குளுக்கோஸ் சென்சாரிடம் அந்தப் பேச்சே கிடையாது. ஒரே ஆறுதல், அது ரத்தத்தைத் தொடுவதில்லை. தோலுக்கடியில் உள்ள திசுநீரைத்தான் மோப்பம் பிடிக்கிறது. ஆகவே நிலவரம் சில நிமிடம் தாமதமாகத்தான் வரும். கல்யாணப் பந்தியில் அந்த இடைவெளி பொற்காலம். “பாசிப்பருப்புதானே தம்பி, அத்தனையும் புரதம்!” என்று மாமா திருவையாறு அசோகாவில் இன்னொரு கரண்டி வாங்கிவிடுவார். ரசத்துக்குச் சாதத்தில் குழி பறிக்கும்போது செல்போன் அலறும்: 180-ஐத் தாண்டியாயிற்று. “போன் வருது மாமா, எடுங்க” என்பான் பரிமாறுகிற பையன். எடுப்பார், சைலன்ட்டில் போட்டுவிட்டு, “பாயசம் வரலையே?” என்பார்.