காசு வாங்கும் முன் சொல்லுங்கள்!

கேம் ஸ்டூடியோக்கள் மற்ற கம்பெனிகளோடு போட்டுக்கொள்ளும் ஒப்பந்தங்கள், அதனால் விளையாடுகிறவர்கள் படும் பாடு. இந்த இதழின் கேள்விகள் எல்லாம் அதைப் பற்றியவை.

கேள்வி: விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் இந்தப் பிள்ளைகள் ஏன் இப்படிக் கொதிக்கிறார்கள்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: விற்ற பொருளின் நிபந்தனையை விற்றவரே பிறகு மாற்றினால் எந்த வயதுக்காரருக்கும் கோபம் வரும். ஒரு கேமில் காசோடு சேர்ந்து மாலை நேரங்களும் நண்பர் கூட்டமும் போய் உட்கார்ந்திருக்கின்றன. அதையெல்லாம் கலைக்கும் முடிவை எங்கோ இரண்டு கம்பெனிகள் பேசி எடுக்கின்றன. விளையாடுகிறவர் காதுக்கு அது கடைசியாகத்தான் வருகிறது. கொதிப்பதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: ‘ஹெல்டைவர்ஸ் 2’ சண்டை, சண்டை என்கிறார்கள். அப்படி என்னதான் நடந்தது?
– வாசகி, ஈரோடு

பதில்: ஸ்டாக்ஹோமில் இருக்கும் ஆரோஹெட் ஸ்டூடியோ உருவாக்கிய கேம் அது. வெளியிட்டது சோனி. நான்கு பேர் கூட்டுச் சேர்ந்து பூச்சிப் படையையும் ரோபோப் படையையும் எதிர்க்க வேண்டும். 2024 பிப்ரவரி 8-ல் பிளேஸ்டேஷனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே நாளில் வந்தது. 12 வாரத்தில் 1 கோடியே 20 லட்சம் பிரதிகள் விற்றன.

கம்ப்யூட்டரில் ஆட, ஸ்டீம் கடையில் வாங்கியவர்களும் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் அக்கவுண்ட்டை இணைக்க வேண்டும் என்பது முதலிலேயே இருந்த விதி. ஆனால் வெளியான சமயத்தில் தொழில்நுட்பச் சிக்கல் வந்ததால், அந்தப் படியைத் தாண்டிப் போக விட்டார்கள். லட்சக்கணக்கானவர்கள் அக்கவுண்ட் இல்லாமலே மூன்று மாதம் ஆடினார்கள். மே 3-ல் சோனி அறிவித்தது: புதிதாக வருகிறவர்களுக்கு மே 6 முதல் இணைப்பு கட்டாயம், ஏற்கெனவே ஆடுகிறவர்களுக்கு ஜூன் 4 கெடு. அந்த வார இறுதியில் மட்டும் ஸ்டீமில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை ரிவ்யூக்கள் குவிந்தன. மே 6-ல் சோனி பின்வாங்கியது.

கேள்வி: ஒரு அக்கவுண்ட் திறக்க இரண்டு நிமிடம் ஆகுமா? அதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?
– வாசகர், சேலம்

பதில்: அக்கவுண்ட் திறக்க முடிகிற நாட்டில் இருந்தால் இரண்டு நிமிடம். முடியாத நாட்டில் இருந்தால் வாங்கிய கேமே கைவிட்டுப் போகும். தவிர, 2011 ஏப்ரலில் அதே நெட்வொர்க்கை ஹேக்கர்கள் உடைத்ததில் சுமார் 7 கோடியே 70 லட்சம் அக்கவுண்ட்களின் விவரங்கள் ஆபத்துக்குள்ளாயின. சேவை மூன்று வாரத்துக்கும் மேல் முடங்கிக் கிடந்தது. அதை மறக்காதவர்கள் இன்னொரு இடத்தில் தங்கள் விவரத்தைக் கொடுக்கத் தயங்குவது இயல்பு.

கேள்வி: எங்கள் நாட்டில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் சேவையே இல்லை. எங்களுக்கு அந்த கேமை எப்படி விற்றார்கள்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: முழு விவகாரத்தின் மையக் கேள்வியை நீங்கள்தான் கேட்டிருக்கிறீர்கள். இலங்கை, எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா எனப் பல நாடுகளுக்கு அப்போது அந்தச் சேவை கிடையாது. ஸ்டீம் கடையோ அங்கெல்லாம் கேமை விற்றுக்கொண்டிருந்தது. அறிவிப்பு வந்த பிறகு 170-க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பகுதிகளிலும் கேமை விற்பனையிலிருந்து எடுத்தார்கள். ஏற்கெனவே பணம் கட்டியவர் என்ன செய்வது என்பதற்கு அந்த அறிவிப்பில் பதில் இல்லை. ஸ்டீமின் வழக்கமான ரீஃபண்ட் விதி, வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் மட்டும் பொருந்தும். அந்த வரம்பைத் தாண்டிய சிலருக்கும் அப்போது ஸ்டீம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

கட்டாயத்தைக் கைவிட்ட பிறகும் அந்த நாடுகளில் விற்பனை உடனே திரும்பவில்லை. அதே மாதம் கம்ப்யூட்டருக்கு வந்த ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’வும் அங்கெல்லாம் கடையிலிருந்து காணாமல் போனது. ஒரு மேஜையில் போட்ட விதி எத்தனை தேசங்களின் கதவைச் சாத்துகிறது என்று கையெழுத்துக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி: குற்றம் யாருடையது? சோனியா, ஆரோஹெட்டா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: விதி சோனியுடையது. மௌனம் இருவருடையது. அப்போது ஆரோஹெட்டின் தலைமை நிர்வாகியாக இருந்த யோஹான் பிலெஸ்டெட் ஒன்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இணைப்பு கட்டாயமாகும் என்பது வெளியீட்டுக்கு ஆறு மாதம் முன்பே தனக்குத் தெரியும் என்றும், அதை விளையாடுகிறவர்களுக்குச் சரியாகச் சொல்லாததில் தங்களுக்கும் பங்கு உண்டு என்றும் எழுதினார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அதே வாக்கியத்தைப் பிப்ரவரியில் சொல்லியிருந்தால் மே மாதம் அமைதியாகக் கழிந்திருக்கும்.

கேள்வி: ஸ்டீம் பக்கத்தில் ‘வேறொரு அக்கவுண்ட் தேவை’ என்று எழுதித்தானே இருந்தது? படிக்காதது வாங்கியவர் தவறில்லையா?
– வாசகர், வேலூர்

பதில்: எழுதியிருந்தது உண்மை. ஆனால் கேமைத் திறந்தால், அந்தப் படியைத் தாண்டலாம் என்று திரையே சொன்னது. மூலையில் இருக்கும் வரி ஒன்று சொல்ல, கண்முன் இருக்கும் பொத்தான் வேறொன்று சொன்னால் மனிதர்கள் பொத்தானைத்தான் நம்புவார்கள். வீட்டுச் சாவியைக் கொடுத்துக் குடிவைத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து ‘பக்கத்து வீட்டில் அனுமதிச் சீட்டு வாங்கி வந்தால்தான் வாசலைத் திறப்போம், பத்திரத்தின் பின்பக்கத்தில் இருக்கிறதே’ என்றால் யார் ஒப்புவார்கள்? இந்தச் சலுகை தற்காலிகம்தான், இந்தத் தேதியில் முடியும் என்று அந்தத் திரையிலேயே ஒரு வரி போட்டிருக்கலாம்.

கேள்வி: கூட்டமாகச் சேர்ந்து எதிர்மறை ரிவ்யூ போடுவது மிரட்டல் இல்லையா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: காசு கொடுத்தவர், தனக்கு நேர்ந்ததை, தன் பெயரில் எழுதுவது மிரட்டல் ஆகாது. ஹெல்டைவர்ஸ் ஆட்களிடம் எனக்குப் பிடித்த செயல் அடுத்து வந்தது: சோனி இறங்கி வந்ததும் ஏராளமானவர்கள் தங்கள் ரிவ்யூவைத் தாங்களே மாற்றி எழுதினார்கள். கோரிக்கை நிறைவேறியதும் கோபத்தை எடுத்துவிடத் தெரிந்த கூட்டம் அது.

கேள்வி: ஸ்டூடியோவின் கம்யூனிட்டி மேனேஜர்களைத் திட்டினால்தான் மேலிடத்துக்குக் கேட்கும் என்கிறான் என் மகன்.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கேட்காது. திட்டு வாங்குகிறவர் ஒப்பந்தத்தைப் பார்த்திருக்கக்கூட மாட்டார். அவர் அந்தக் கம்பெனியில் மாதச் சம்பளக்காரர். முடிவைக் கேள்வி கேட்கலாம், மனிதரைக் கடிக்கக் கூடாது என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அப்படியானால் ஸ்டூடியோக்கள் யாரோடும் கூட்டணியே வைக்கக் கூடாதா?
– வாசகர், மதுரை

பதில்: தாராளமாக வைக்கலாம். ஹெல்டைவர்ஸ் 2 உருவாக ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஆயின. அத்தனை காலம் ஒரு சிறிய ஸ்டூடியோவுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? சோனி போன்ற பப்ளிஷர் பின்னால் நிற்காவிட்டால் அந்த கேம் பிறந்தே இருக்காது. பணம் போடுகிறவர் நிபந்தனையும் போடுவார், அது வியாபாரம். அந்த நிபந்தனை வாங்குகிறவரைத் தொடுமானால் அவருக்கு முதலிலேயே தெரிய வேண்டும், அது நாணயம்.

கேள்வி: ‘மெட்ரோ எக்ஸோடஸ்’ விவகாரமும் இதே ரகம்தானா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அதே ரகம், வேறு கடை. 2019 பிப்ரவரி 15-ல் வெளியீடு. ஸ்டீமில் முன்பதிவு நடந்துகொண்டிருந்தது. வெளியீட்டுக்கு மூன்று வாரம்கூட இல்லாத ஜனவரி 28-ல், இனி இது எபிக் கடையில் மட்டும் கிடைக்கும் என்றது பப்ளிஷர் தரப்பு. காரணம் புரிகிறது: அப்போது ஸ்டீம் விற்பனையில் பொதுவாக 30 சதவீதம் எடுத்தது, எபிக் 12 சதவீதம்தான் எடுத்தது. முன்பதிவு செய்தவர்களுக்கு ஸ்டீமிலேயே கொடுத்தார்கள், அது சரி. ஆனால் ஸ்டீமே தன் கடைப் பக்கத்தில், இந்த முடிவு வாடிக்கையாளர்களுக்கு நியாயமில்லை என்று குறிப்பு வைக்கும் அளவுக்குக் காலம் தாழ்ந்த அறிவிப்பு. ஓராண்டு கழித்து 2020 பிப்ரவரியில் கேம் ஸ்டீமுக்குத் திரும்பியது. ‘ஓராண்டு அங்கே, பிறகு இங்கே’ என்று முன்பதிவு தொடங்கும்போதே சொல்லியிருந்தால், காத்திருக்க நினைத்தவர் காத்திருப்பார்.

கேள்வி: நம் ஊரில் பப்ஜி பட்ட பாடு இதில் சேருமா?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: பாதி சேரும். 2020 செப்டம்பர் 2-ல் மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் ஒன்று. தடைக்குக் காரணமாகப் பேசப்பட்டது, அதை மொபைலுக்குக் கொண்டுவந்த சீனக் கூட்டாளி டென்சென்ட். கொரிய உரிமையாளர்கள் உடனே டென்சென்ட்டிடமிருந்து இந்திய உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். 2021 ஜூலையில் அவர்களின் கிராஃப்டன் நிறுவனம் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற பெயரில் மறுபடி வெளியிட்டது. பழைய அக்கவுண்ட்டில் இருந்ததை மாற்றிக்கொள்ளவும் வழி கொடுத்தது, அதைப் பாராட்ட வேண்டும்.

2022 ஜூலை 28-ல் அரசின் உத்தரவால் அதுவும் கடைகளிலிருந்து போனது. திரும்பி வந்தது 2023 மே மாத இறுதியில். தடை அரசின் கையில் இருந்தது, அதற்குக் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நடுவில் இருந்த பத்து மாதம், காசு கொடுத்து ஸ்கின் வாங்கியவரும், போட்டிகளையே வேலையாக எடுத்துக்கொண்ட இளைஞர்களும் வதந்தியை நம்பி வாழ்ந்தார்கள். ‘இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம், உங்கள் அக்கவுண்ட் பத்திரமாக இருக்கிறது’ என்று மாதம் ஒருமுறை சொல்ல யார் தடுத்தார்கள்?

கேள்வி: கூட்டாளிகள் இருவரும் சண்டை போட்டுப் பிரிந்தால்?
– வாசகர், திருச்சி

பதில்: சீனாவில் நடந்தது. பிளிசார்ட் கேம்களை 2008-லிருந்து அங்கே நடத்தியது நெட்ஈஸ். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்று 2022 நவம்பரில் அறிவித்தார்கள். 2023 ஜனவரி 23 நள்ளிரவோடு ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ முதலிய கேம்களின் சர்வர்கள் நின்றன. இரு கம்பெனிகளும் பொதுவெளியில் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்டன. நெட்ஈஸ் வளாகத்தில் நின்ற வார்கிராஃப்ட் கோடரிச் சிலையை உடைப்பது நேரலையாகவே போனது. பல ஆண்டு வளர்த்த கதாபாத்திரங்களின் விவரத்தை ஃபைலாகச் சேமித்துவைத்துக் காத்திருந்தார்கள் விளையாடியவர்கள். 2024 ஏப்ரலில் அதே இரண்டு கம்பெனிகளும் மறுபடி சேர்ந்தன, அந்த ஆண்டின் கோடையில் சர்வர்கள் திரும்பின. பிரிந்தவர்களுக்கு அது ஒரு கணக்கு. ஆடியவர்களுக்கு ஓராண்டுக்கும் மேல் வாசல் இல்லை.

கேள்வி: ஒரு ஸ்டூடியோ சொன்ன மிக மோசமான பதில் எது?
– வாசகர், காரைக்குடி

பதில்: 2017 நவம்பரில் ஈஏ சொன்னது. ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2’ முழு விலைக்கு விற்ற கேம். ஸ்டார் வார்ஸ் உரிமையை டிஸ்னியிடமிருந்து ஈஏ வாங்கி வைத்திருந்தது. டார்த் வேடர் போன்ற நாயகர்களைத் திறக்கப் பல மணி நேரம் உழைக்க வேண்டும். ஏன் என்று கேட்டவர்களுக்கு, சாதித்த பெருமை கிடைக்கட்டும் என்பதற்காக என்று பொருள்படப் பதில் வந்தது. இணைய மன்றத்தில் அந்தப் பதிலுக்குக் கிடைத்த எதிர்ப்பு ஓட்டுகள் 6 லட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டி கின்னஸில் ஏறின. கேமுக்குள் பணம் கட்டி வாங்கும் வசதியை வெளியீட்டுக்கு முன்பே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. கேட்டது விலையைப் பற்றி, பதில் வந்தது மனநிறைவைப் பற்றி. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதே மரியாதை.

கேள்வி: வாயைத் திறக்காமலே ஜெயித்த ஸ்டூடியோ உண்டா?
– வாசகி, சென்னை

பதில்: உண்டு, ஹலோ கேம்ஸ். 2016 ஆகஸ்டில் வந்த ‘நோ மேன்ஸ் ஸ்கை’யில் சொன்ன பல அம்சங்கள் இல்லை. திட்டு மழைக்கு நடுவில் மாதக்கணக்கில் பேசவே இல்லை. நவம்பரில் பெரிய அப்டேட்டோடு வந்தார்கள். அன்றிலிருந்து ஆண்டுதோறும் இலவச அப்டேட்கள். 2024-ல் ஸ்டீமில் மொத்த மதிப்பீடே பெரிதும் நல்லதாக மாறிவிட்டது. உழைப்பு பேசியது. ஆனால் மற்றவர்கள் இந்த வழியைப் பின்பற்ற வேண்டாம். பேசாமல் இருந்த மாதங்களில் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: நல்ல அறிவிப்பு என்றால் எப்படி இருக்க வேண்டும்?
– கேம் உருவாக்கப் பழகும் மாணவி, சென்னை

பதில்: என்ன மாறுகிறது, எந்தத் தேதியில், யார் பாதிக்கப்படுவார்கள், அவர்களுக்கு ரீஃபண்ட் உண்டா என்ற நான்கையும் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். ‘உங்கள் அனுபவத்தை மேம்படுத்த’ என்று தொடங்காதீர்கள். முடிவு பப்ளிஷருடையது என்றால் அதையும் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அறிவித்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். கேள்விகள் சனி, ஞாயிறும் வரும்.

கேள்வி: வாங்கும் முன் நான் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், விருதுநகர்

பதில்: கடைப் பக்கத்தில் வேறு அக்கவுண்ட் தேவை என்று இருக்கிறதா, அந்தச் சேவை உங்கள் நாட்டில் உண்டா, இணையம் இல்லாமல் ஆட முடியுமா என்று பாருங்கள். யூபிசாஃப்ட்டின் ‘தி க்ரூ’ சர்வர்கள் 2024 மார்ச் 31-ல் மூடப்பட்டபோது, தனியாக ஆடியவர்களுக்கும் அந்த கேம் இல்லாமல் போனது. முன்பதிவு அவசரம் வேண்டாம். டிஜிட்டல் பிரதி ஒருநாளும் தீர்ந்துபோகாது.

கேள்வி: நாம் கத்தினால் ஏதாவது மாறுமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: மாறியிருக்கிறது. 2025 ஜனவரியில் சோனி, ‘ஸ்பைடர்-மேன் 2’, ‘காட் ஆஃப் வார் ரேக்னராக்’ உட்படச் சில கம்ப்யூட்டர் கேம்களுக்குத் தன் அக்கவுண்ட்டைக் கட்டாயமில்லாமல் ஆக்குவதாக அறிவித்தது. இணைக்க விரும்புகிறவருக்கு கேமுக்குள் சில பரிசுகள் உண்டு. வேண்டாதவர் அப்படியே ஆடலாம். கட்டளை அழைப்பாக மாறிய கதை இது. சாதித்துக் காட்டியது லட்சக்கணக்கானவர்கள் எழுதிய சின்னச் சின்ன ரிவ்யூக்கள். நீங்களும் எழுதுங்கள். எழுதும்போது வாங்கிய தேதி, அப்போது சொன்ன விதி, இப்போது மாறிய விதி மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். வசவை ஒதுக்கிவிடலாம், தேதியை யாராலும் ஒதுக்க முடியாது.