நாவலாசிரியரின் உடனுறைவோர்: ஒரு திணையியல் ஆய்வு

நாவல்களைப் பற்றிய ஆய்வேடுகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. நாவல் எழுதப்படும் வீட்டில் எழுதாமல் குடியிருப்பவர்களைப் பற்றி எவரும் முனைவர் பட்டம் வாங்கியதாகத் தெரியவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வாளரின் தகுதி: நாவல் எழுதும் ஒரு பெண்மணியின் கணவர். ஆய்வுக் களம்: கூடமும் சமையலறையும். எழுதும் அறைக்குள் நுழைய அனுமதி கிடைக்கவில்லை.

முதலில் பாகுபாடு. முதல் வரைவுக் காலம் பாலைத் திணை. அதன் உரிப்பொருள் பிரிவு. தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் ஒதுக்கவில்லை. தலைவி கூடத்திலேயே உட்கார்ந்து, இட்லியைச் சட்னியில் தொட்டபடியே, பொருள்வயின் பிரிந்து போகக்கூடும் என்பதை அவர் அன்றே கண்டிருக்கிறார் என்றுதான் கொள்ள வேண்டும். (பொருள் வருமா என்பது பதிப்பகத்தார் கணக்குக் கொடுக்கும்போது தெரியும்.) திருத்தக் காலம் மருதம்; உரிப்பொருள் ஊடல்.

பாலைக்குக் களச்சான்று ஒன்று. "பால் தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாங்க, அவன் வியாழக்கிழமைதான் சாகணும்" என்று பதில் வந்தது. இதைப் பிழை என்று தள்ளிவிடலாகாது. கேள்வி காதில் விழுந்திருக்கிறது. பதிலிலும் மரியாதைக் குறைவில்லை. இக்காலத்தில் வீட்டில் சண்டை வராது என்பது ஒரு கொடை. சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும்.

பாலையில் உடனுறைவோர் காத்திருப்பர் என்பது பொதுவிதி. ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தாயெவ்ஸ்கியின் மனைவி அன்னா விதிவிலக்கு. 1866இல் நவம்பர் 1ஆம் தேதிக்குள் தஸ்தாயெவ்ஸ்கி ஒரு நாவலைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் ஒன்பது ஆண்டுகளுக்கு அவர் எழுத்தைக் காசு கொடுக்காமல் அச்சிட்டுக்கொள்ளும் உரிமை பதிப்பாளர் ஸ்தெல்லோவ்ஸ்கிக்குப் போய்விடும். சுருக்கெழுத்துக்கு வந்த இருபது வயது அன்னாவிடம் சொல்லச் சொல்ல, 26 நாளில் 'சூதாடி' முடிந்தது. கொண்டுபோனால் பதிப்பாளர் ஆளையே காணோம். பிரதியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. அடுத்த பிப்ரவரியில் தஸ்தாயெவ்ஸ்கி அன்னாவை மணந்துகொண்டார். இதைக் காதல் என்பார்கள். சுருக்கெழுத்துச் செலவு மிச்சமாகும் என்ற கோணத்தை அறிஞர்கள் ஏனோ ஆராயவில்லை. சோஃபியா தல்ஸ்தோய் 'போரும் அமைதியும்' நாவலைத் திரும்பத் திரும்பக் கைப்பட நகலெடுத்ததையும் இதே தலைப்பின்கீழ் வைக்கலாம்.

இனி மருதம். பாலையில் காணாமல்போனவர் ஒரு நாள் கையில் தாள்களோடு கூடத்துக்கு வருவார், வாசிப்பார், "எப்படி இருக்கு?" என்பார். பேராபத்து இங்கேதான். "நல்லா இருக்கு" என்றால், கவனிக்கவில்லை என்று பொருள். "இரண்டாவது பத்தி கொஞ்சம் நீளம்" என்றால், உங்களுக்கு இலக்கியம் பிடிபடவில்லை என்று பொருள். மௌனம் சாதித்தால் அன்று இரவு அந்த அத்தியாயமே வெட்டப்படும். மறுநாள் அதற்கும் நீங்களே காரணம். நான் இப்போது "அந்த மழை வர்ற இடம்..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிடுகிறேன். எல்லா நாவலிலும் எங்கேயாவது மழை பெய்கிறது. மீதியை அவரே சொல்லிக்கொள்வார்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு 1849 சான்று. ஃப்ளோபேர் தம் 'புனித அந்தோனியாரின் சோதனை'யைப் பூயிலே, துய் காம் என்ற இரு நண்பர்களை உட்காரவைத்து வாசித்தார். நான்கு நாள், நாளைக்கு எட்டு மணி நேரம், ஆக 32 மணி நேரம். முடியும்வரை கருத்துச் சொல்லத் தடை. முடிந்ததும் நண்பர்கள், நெருப்பில் போட்டுவிடு, இனி இதைப் பற்றிப் பேசவே பேசாதே என்றார்கள். அவர் போடவில்லை. திருத்தித் திருத்தி 1874இல் வெளியிட்டார். கேட்டவர் ஒரு வாக்கியம் சொன்னார், எழுதியவர் கால் நூற்றாண்டு ஊடினார். இடையில் 'மதாம் பொவாரி' கிடைத்தது என்பதால் நண்பர்களை மன்னிக்கலாம்.

நம் வார இதழ்த் தொடர்கதைகளுக்கு மருதத் திணையே வாய்க்கவில்லை. அச்சகத்துப் பையன் வாசலில் நிற்கும்போது எங்கே ஊடுவது?

உடனுறைவோரில் மிகத் துணிந்த விமர்சகர் ஸ்டைன்பெக்கின் நாய் டோபி. 1936இல் 'எலிகளும் மனிதர்களும்' நாவலின் கைப்பிரதியில் ஏறக்குறைய பாதியைக் கடித்துக் குதறியது. இரண்டு மாத வேலை. பாவம், விமர்சனமாகத்தான் செய்திருக்குமோ என்று ஸ்டைன்பெக் எழுதினார். பிற்பாடு அதற்கு இலக்கியப் பொறுப்பேற்கும் லெப்டினன்ட் கர்னலாகப் பதவி உயர்வும் கொடுத்தார். மனிதர்க்கு இச்சலுகை இல்லை.

கூலி விவகாரத்தில் நேர்மையாக நடந்தவர் அந்தோணி டிரோலப் ஒருவரே. அஞ்சல் துறை அதிகாரி, காலை 5.30 மணிக்கு மேசையில் இருப்பார். எதிரில் கடிகாரம், கால் மணிக்கு 250 சொற்கள். இப்படி உழைத்து 47 நாவல்கள் எழுதினார். அவரை எழுப்பிக் காபி கொண்டுவந்த கிழக் குதிரைக்காரருக்கு அந்த வேலைக்கென்றே ஆண்டுக்கு ஐந்து பவுன் கூடுதலாகக் கொடுத்தார். தம் வெற்றிக்கு வேறெவரையும்விட அவருக்கே அதிகம் கடன்பட்டிருக்கலாம் என்று சுயசரிதையிலும் ஒப்புக்கொண்டார்.

ஆகவே, நாவலாசிரியரோடு ஒரே கூரையின்கீழ் வாழும் வாசகர்களே, இந்த முன்னுதாரணத்தைக் காட்டி ஆண்டுக்கு ஐந்து பவுன் வீதம் பழைய பாக்கியோடு கேளுங்கள். கணக்கை மட்டும் நகைக்கடையின் அன்றைய விலையில் போடுங்கள்.