நான்காவது மாடிச் சூழலியலாளன்

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் எனக்குப் பெயர் போராளி. சித்தப்பா வைத்தது. வடசென்னையில் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காலை வணக்கத்தோடு ரோஜாப்பூ அனுப்புகிறவர். எண்ணூர்ச் சாம்பல் குட்டையைப் பற்றி நான் எதையாவது போட்டால், காபி ஆறுவதற்குள் பதில் வந்துவிடும். "போராளி எந்திரிச்சிட்டாருப்பா. அந்தச் சாம்பல்லதான் தம்பி உனக்கு காலேஜ் ஃபீஸ் கட்டினேன்."

கட்டினார். அதை மறுக்க முடியாது.

சமூக ஊடகத்தில் சுற்றுச்சூழலைப் பற்றி எழுதுகிறவனை ஊர் எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு எங்கள் குழுவே போதும். அத்தைக்கு நான் வேலைவெட்டி இல்லாதவன். மச்சானுக்கு வளர்ச்சியின் எதிரி. எனக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது என்று அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு. வந்தால் வீட்டுக் கடனுக்கு ஆகும், இன்னும் வரவில்லை. அக்கா மகளோ நான் எழுதுவது எல்லாமே சரி, ஆனால் யாருமே படிக்க மாட்டார்கள் என்கிறாள். இவர்கள் எல்லோரும் ஒன்றுசேரும் கேள்வி ஒன்று இருக்கிறது: "உன் வீட்டுல ஏசி ஓடலையா?" ஓடுகிறது. ஆற்றைப் பற்றிப் பேசினால் ஆற்றை விட்டுவிட்டு என் படுக்கையறையை ஏன் சோதனை போடுகிறார்கள் என்று வெகுநாள் கோபமாக இருந்தேன். ஒரு நாள் பழைய பதிவுகளை நானே உட்கார்ந்து சோதனை போட்டேன். சித்தப்பா கண்ணில் படாதது நிறைய இருந்தது.

முதலில் சீமைக் கருவேலம். 2017 தொடக்கத்தில், உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அந்த மரத்தை அகற்றச் சொன்னபோது, தமிழ்நாடே அரிவாளோடு கிளம்பியது. என்னிடம் அரிவாள் இல்லாததால் ஃபார்வர்ட் அனுப்பினேன். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும், பிராணவாயுவை விடாது, பறவை கூடு கட்டாது, விஷ மரம். ஒரு வரிக்கும் ஆதாரம் தேடவில்லை. 'அதிகம் பகிரவும்' என்று இருந்தது, பகிர்ந்தேன். பரமக்குடிப் பக்கத்து நண்பர் ஒருவர் மறுநாள் அழைத்தார். "அண்ணே, எங்க கண்மாய்ல கொக்கு அதுலதான் கூடு கட்டியிருக்கு. எங்க சனம் கரிமூட்டம் போட்டுத்தான் அடுப்பெரிக்குது. வெட்டுறது இருக்கட்டும், வேற பொழப்பு என்னன்னு உங்க மெசேஜ்ல போட்டிருக்கா?" போடவில்லை. அந்த மரம் கண்மாய்களுக்குள் பரவி நீர்ப்பரப்பை அடைப்பது மெய்யான தொல்லைதான். ஆனால் அதைச் சொல்வதற்கு விஷம் தேவையில்லை. பின்னர் சென்னை உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. அந்தச் செய்தியை மட்டும் நான் யாருக்கும் அனுப்பவில்லை.

அடுத்தது எண்ணூர். இதை எழுதவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வெள்ளத்தோடு கிளம்பிய எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை போய்ப் படிந்தது. படகு, வலை, அலையாத்தி வேர், கூழைக்கடாவின் இறகு, எல்லாம் கறுப்பு. எங்கள் வீட்டில் அப்போதுதான் மின்சாரம் திரும்பியிருந்தது. போனைச் சார்ஜில் போட்டவுடன் முதல் காரியமாக ஒரு படத்தைப் பகிர்ந்தேன். இளைஞர்கள் வரிசையாக நின்று வாளியில் கருங்குழம்பை அள்ளிக் கைமாற்றும் படம். 'இந்தக் காலத்திலும் வாளிதானா?' என்று மேலே ஒரு வரி. அப்படி ஒரு வரவேற்பு என் எழுத்துக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. கவிஞர்கள் பகிர்ந்தார்கள். ஒரு துணை நடிகர் பகிர்ந்தார். சாப்பிடும்போதுகூட எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சோறு ஆறுது" என்றாள் மனைவி.

இரவில் காட்டுக்குப்பத்துக்காரர் ஒருவரின் பின்னூட்டம். "சார் இது 2017 சார். ரெண்டு கப்பல் மோதி கடல்ல வந்த எண்ணெய். இப்ப வந்திருக்கிறது ஆத்துல. ஆளும் வேற எண்ணெயும் வேற."

சொன்னது சரி. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. கரை ஒதுங்கிய எண்ணெயை மாணவர்களும் மீனவர்களும் வாளியால் அள்ளினார்கள். அந்தப் படம்தான் இது. யோக்கியன் என்றால் உடனே எடுத்திருக்க வேண்டும். நான் லைக்கைப் பார்த்தேன், நேரத்தைப் பார்த்தேன், பிறகு தலைப்பை 'அன்றும் இன்றும்' என்று திருத்தினேன். 'ஆழமான பார்வை' என்று ஒருவர் அதற்கும் எழுதினார்.

பின்னூட்டக்காரரின் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். அன்று காலை அவர் எடுத்த படம் இருந்தது. படகின் விளிம்பில் வலையின் ஒரு நுனியைப் பிடித்திருக்கிறார். விரல் எங்கே முடிகிறது, வலை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி இரண்டும் ஒரே பிசுக்கு. 'நண்டு இல்லை, இறால் இல்லை, யாராவது வந்து பாருங்கள்' என்று கீழே எழுதியிருந்தார். அதற்கு விழுந்திருந்த லைக்குகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். அதைப் பகிர்ந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். என்னுடைய பதிவு அப்போதுதான் மேலே போய்க்கொண்டிருந்தது, அதைக் கீழே தள்ள மனசு வரவில்லை.

இந்த வியாதிக்கு ஆராய்ச்சியே இருக்கிறது. 2014-இல் கனடாவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. போரில் இறந்தவர்களின் நினைவாக அங்கே சிவப்புப் பாப்பி மலர் குத்திக்கொள்வார்கள். அந்த மலரைச் சிலருக்கு எல்லோரும் பார்க்கச் சட்டையில் குத்தினார்கள், சிலருக்கு உறையில் போட்டுக் கொடுத்தார்கள். பிறகு நன்கொடை கேட்டபோது உறையில் வாங்கியவர்கள் அதிகம் கொடுத்தார்களாம். சட்டையில் குத்திக்கொண்டவர்களுக்குக் கடமை அங்கேயே முடிந்துவிட்டது. என் முகப்புப் படத்தைச் சுற்றிப் பச்சை இலை வளையம் வருடக்கணக்காக இருக்கிறது என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும்.

அதற்காகச் சமூக ஊடகத்தால் ஒன்றும் நடக்காது என்கிற மச்சான் கட்சியில் நான் சேரப்போவதில்லை. 2015-இல் சோஃபியா அஷ்ரப், கொடைக்கானலில் யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலை விட்டுப்போன பாதரசத்தைப் பற்றி ஒரு ராப் பாட்டுப் பாடினார். உலகமே பார்த்தது. மறுவருடம் மார்ச்சில் யூனிலீவரின் இந்திய நிறுவனம் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு உடன்பாட்டுக்கு வந்தது. ஒரு பாட்டு ஒரு கம்பெனியைச் சாய்த்துவிட்டது என்று நானும் கூட்டத்தோடு துள்ளினேன். அந்தத் தெர்மாமீட்டர் ஆலை 2001-லேயே மூடப்பட்டது, பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளை மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் கண்டுபிடித்ததால்தான் விஷயமே வெளியே வந்தது, நடுவில் தொழிலாளர்கள் வருடக்கணக்கில் கோர்ட் வாசலில் நின்றார்கள் என்பதெல்லாம் பின்னால்தான் படித்தேன். அந்தப் பதினான்கு வருடம் இல்லையென்றால் பாடுவதற்கு விஷயமே இருந்திருக்காது. நான் பார்த்தது சில நிமிட வீடியோ.

பரமக்குடி, எண்ணூர், கொடைக்கானல். மூன்றுமே என் வீட்டுக்கு நல்ல தூரம். நான் இருப்பது மேடவாக்கம் பக்கம், நான்காவது மாடி. பால்கனி ஓரத்தில் நின்றால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு துண்டு தெரியும், சம்புக்கோரைக்கு நடுவே தாழைக்கோழிகள் நடக்கும். அது 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது, 1,247 ஹெக்டேர் என்று கணக்கெல்லாம் சொல்லி, பால்கனியிலிருந்தே படம் எடுத்துப் போட்டேன். 'எஞ்சியதையாவது காப்போம்.'

யாரோ ஒருவர் வெகு மரியாதையாகக் கேட்டார்: "உங்க ஃபிளாட் எந்த சர்வே நம்பர் சார்?"

பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். பட்டா சரி. வில்லங்கச் சான்றில் வில்லங்கம் இல்லை. தண்ணீர் முன்பு எங்கே நின்றது என்று அதில் எழுத மாட்டார்கள். 2015 டிசம்பரில் எங்கள் கார் நிறுத்தத்தில் இடுப்பளவுக்கு ஏறிய வெள்ளம் எழுதிவிட்டுப் போனது. கேள்விக்குப் பதில் போடாமல் அவரை பிளாக் செய்தேன். பிறகு பிளாக்கை எடுத்தேன். அதற்குள் அவர் எங்கோ போய்விட்டார்.

அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் குடியிருப்போர் சங்கக் குழுவில் ஒரு நாள் துணிந்து வாய் திறந்தேன். எங்கள் வளாகத்துக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு இன்னும் வரவில்லை, கழிவுநீரை லாரிதான் எடுத்துக்கொண்டு போகிறது. "அந்த லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுதுன்னு யாருக்காவது தெரியுமா?"

இலை வளையத்துக்கு இதயம் போட்ட அத்தனை பேரும் அந்தக் குழுவில்தான் இருந்தார்கள். ஒருவரும் மூச்சுவிடவில்லை. இரவு செயலாளர் தனியாகப் போன் செய்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. முறையா குடிநீர் வாரியத்து ஸ்டேஷன்ல கொட்டணும்னா அவன் லோடுக்கு ஏத்திக் கேப்பான். மெயின்டனன்ஸ் ஏறும். ஏத்தலாம்னா நீங்களே பொதுக்குழுவுல முன்மொழியுங்க."

முன்மொழிவதாகச் சொன்னேன். பொதுக்குழு நடந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் விசேஷம். அந்த வாரம் அமேசான் காடு அழிவதைப் பற்றி உருக்கமாக ஒன்று எழுதினேன். வளாகமே பாராட்டியது. செயலாளரும் ஹார்ட் விட்டிருந்தார்.