பத்தாயிரம் மணி மாமா

ஈப்போவில், அதிலும் புந்தோங் பக்கம், சாயங்காலம் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் இவர் கிடைப்பார். மேசையில் தே தாரிக், தொடையில் ஆதி தாளம். சாதகம் பண்ணுவது எப்படி என்று ஊருக்கெல்லாம் சொல்லித் தருவார். தான் மட்டும் பண்ணமாட்டார்.

அவர் சொல்வதெல்லாம் சரியாக இருப்பதுதான் சங்கடம். தைப்பூசம் நெருங்கும், கல்லுமலைக் கோயிலுக்குக் காவடியோடு போகவேண்டிய உறுமி மேளப் பையன்கள் கை வரவில்லை என்று வந்து நிற்பார்கள். மாமா கற்றது மிருதங்கம். ஆனால் புத்தி சொல்ல வாத்திய பேதம் ஏது?

“வாயில வராதது கையில எப்படிடா வரும்? குச்சிய வச்சிட்டு முதல்ல சொல்லு.”

சொற்கட்டை வாயால் சொல்லித் தொடையில் தட்டிய பிறகுதான் தோலைத் தொடலாம். அதுவும் முதல் காலத்தில். சுத்தமாக விழுந்தால் இரண்டாம் காலம். தடுமாறினால் மறுபடி கீழே. ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலிருந்து அடிக்கக் கூடாது. இடறுகிற அந்த நாலு சொல்லை மட்டும் தனியே எடுத்து மெல்லத் தேய்க்கவேண்டும். நன்றாக வருகிற இடத்தையே திரும்பத் திரும்ப அடிப்பதற்கு அவர் வைத்த பெயர் ‘கண்ணாடி பார்க்கிறது’. கடைசியில் கைப்பேசியில் பதிந்து கேட்கவேண்டும். கேட்டுவிட்டு அழ அனுமதி உண்டு. காசு வாங்கும் வாத்தியார்கள் சிலரே இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் அடித்ததாக எவனாவது பெருமை பேசினால் போச்சு.

“உங்க தாத்தா ஒரே நாள்ல பத்து வெட்டு வெட்டுனா மரம் பத்து மடங்கு பால் குடுத்துச்சாடா? ஒரு நாள் விட்டு ஒரு நாள், நூல் அளவு பட்டை. அவ்வளவுதான்.”

மாமா சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பால்வெட்டுக் கத்தி பிடித்ததெல்லாம் அப்பாதான். அந்தத் தோட்டம் இப்போது செம்பனை, லயமும் போயிற்று, உவமை மட்டும் தப்பித்து புந்தோங் வந்து சேர்ந்திருக்கிறது.

அதற்கும் மசியாதவர்களுக்கு 10,000 மணி நேரம். 1993-இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் கூட்டாளிகளும் பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்தார்கள். தேர்ந்தவர்கள் 20 வயதுக்குள் தனியாகச் செய்த சாதகம் சராசரியாக அந்த அளவுக்கு வந்தது. 2008-இல் மால்கம் கிளாட்வெல் அதை விதியாக்கிப் புத்தகம் போட்டார். எரிக்சன், நான் அப்படிச் சொல்லவில்லை, எப்படிப் பயிற்சி செய்கிறோம் என்பதல்லவா முக்கியம் என்று மறுத்தும் பார்த்தார். மாமா கிளாட்வெல் கட்சி. தினம் ஒரு மணி நேரம் என்றால் 27 வருஷத்துக்கு மேல் ஆகுமே என்று ஒரு பையன் கணக்குப் போட்டுக் காட்டினான். மாமா அசரவில்லை. ஒட்டுக்கடையில் உட்கார்ந்த நேரத்தைக் கணக்கில் சேர்த்தால் அவர் எப்போதோ வித்துவான்.

வீட்டு அலமாரி மேல் வெல்வெட் உறைக்குள் மிருதங்கம் தூங்குகிறது. வாசித்துக் காட்டச் சொன்னால், “மழை பெய்யுதுல்ல, தோல் இறங்கியிருக்கும்” என்பார். ஈப்போவில் மழைக்கா பஞ்சம்? வெயில் அடித்தால், தாமான் வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் சீனக் கிழவர் தூங்குகிறார். மிருதங்கத்தின் தொப்பியில் பூச வாங்கி வைக்கும் ரவையை அத்தை கேட்காமலே எடுத்து உப்புமா கிண்டிவிடுகிறார்.

ஆனாலும் பையன்கள் இவரை விடுவதில்லை. ஒத்திகைக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தாளம் போடச் சொல்கிறார்கள். மாமாவுக்குப் பெருமை தாங்காது. கண்ணை மூடிக்கொண்டு, அரை மாத்திரை பிந்தியே போடுவார். அது எல்லாருக்கும் தெரியும். புதிதாகச் சேர்ந்த பொடியன் ஒருவன் குழம்பிப்போய் மூத்தவனிடம் கேட்டான்.

“அண்ணே, மாமா தப்பாப் போடுறாரே?”

“அதுக்குத்தான்டா கூட்டிட்டு வந்தோம். இவர் பக்கத்துல உக்காந்து போடுறப்பவே நீ கலையாம அடிச்சிட்டா, கல்லுமலைக் கூட்டத்துல எவனாலும் உன்னைக் கலைக்க முடியாது. தே தாரிக் வாங்கிட்டியா அவருக்கு?”