இருபது வினாடிக் கச்சேரி

ஏலே பேராண்டி, இங்கன திண்ணையில வந்து உக்காரு. புதுசாப் பிடிச்ச பாட்டுக்காரங்க பேரையெல்லாம் மூச்சு விடாம ஒப்பிச்சியே, காது குளிர்ந்துபோச்சு. மாலியாம், கியூபாவாம், கேப் வெர்தேயாம், சைபீரியாப் பக்கத்துத் துவாவாம். சங்கரன்கோவிலைத் தாண்டாத கிழவனுக்கு உலகத்தையே சுத்திக் காட்டிட்டே!

துவாக்காரன் தொண்டையைத் திறந்தான் பாரு, அடியில ஒரு உறுமல், மேல விசிலாட்டம் இன்னொரு சத்தம், ரெண்டும் ஒரே மூச்சுல. ஒரே வாயில ரெண்டு பேச்சு பேசுற ஆளு நம்ம தெருவுலயும் உண்டு. ஆனா ரெண்டும் சுதி சேர்ந்து நான் கேட்டதில்லை. இன்னுங் கொஞ்சம் கேப்போம்னு காதைத் தீட்டினா, செல்போன்ல உன் கட்டைவிரல் அடுத்த பாட்டுக்குத் தாவிருச்சு. சீட்டுக்கட்டு குலுக்குறவனுக்குக்கூட அந்த வேகம் வராதுய்யா.

நீ சொன்ன கேப் வெர்தே பாட்டுக்காரி செசாரியா எவோரா அம்மா மிண்டெலோ ஊர் மதுக்கடைகள்ல பாடிப் பாடி, ஊருலகம் திரும்பிப் பாக்கிறப்ப வயசு ஐம்பதை ஒட்டிருச்சு. பெரிய மேடையிலயும் வெறுங்காலோடதான் நின்னாங்க. கியூபாப் பாட்டுக்காரர் இப்ராகிம் பெரர் ஹவானாவுல ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டிருந்தாரு. 1996-ல கூட்டிட்டுப் போய்ப் பாட வெச்சப்ப எழுபதை நெருங்கின கிழவரு. அவங்க ஆயுசு பூராவும் காத்துக் கிடந்தாங்க. உனக்குப் பல்லவி முடியறவரைக்கும் பொறுமையில்லை.

எனக்குப் பிடிச்சது மாலி நாட்டு அலி ஃபார்க்கா தூரேதான். கிதார்ல அந்தப் போடு போடுறவரு, கேட்டா ‘நான் சம்சாரி’ம்பாராம். கிராமி விருது வாங்கின பெறகும் நியாஃபுங்கே வயக்காட்டை விடலை. 1999-ல வந்த ஆல்பத்தை அங்கனயே பதிவு பண்ணி, ஊர்ப் பேரையே அதுக்கு வெச்சாரு. 2004-ல அந்த ஊருக்கு மேயராகி, கைக்காசைப் போட்டு ரோட்டைச் சரி பண்ணாரு. இதை நம்ம ஊர்த் தலைவர் காதுல போட்டுராதே. கிதாரை மட்டும் வாங்கிட்டு வந்து நிப்பாரு.

தேடாதேன்னு சொல்லலைய்யா, நல்லாத் தேடு. ஆனா பேரு தெரிஞ்சா பாட்டு தெரிஞ்சதாயிருமா? வாரத்துக்கு ஒரே ஆளு. முதப் பாட்டுலருந்து கடைசிப் பாட்டு வரைக்கும், வேற சோலி பாக்காமக் கேளு. அலுத்தா விட்டுரு. மறுவாரமும் கேக்கணும்னு தோணிச்சுன்னா, அது நீ கண்டுபிடிச்ச பாட்டு. மத்ததெல்லாம் உன் செல்போன் கண்டுபிடிச்சது.